பள்ளிவாசல் மலைத்தோட்டத் தமிழ்ப் பெண்களின் பருவகால உடைத் தேர்வு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உடை என்பது உடலை மறைப்பதற்கும் காப்பதற்கும் அழகு செய்வதற்கும் உரியது. இம்மூன்றனுள் எது முதன்மை பெறுகிறது என்பதை உடுப்பவரின் விருப்பம் மட்டுமே முடிவு செய்வதில்லை. நிலமும் பொழுதும் தொழிலும் சாதியும் கையிலுள்ள பணமும் அம்முடிவில் பங்கு கொள்கின்றன. பருவத்திற்கேற்ற உடையையும் அணியையும் தேர்ந்து உடுத்தும் பெண்களைத் தமிழிலக்கியம் விரிவாகப் பாடியுள்ளது. ஆனால் அப்பாடல்களில் தேர்வு செய்வோர் பெரும்பாலும் மாடத்தில் வாழ்வோர். மழையில் நின்று உழைக்கும் பெண்ணின் உடைத் தேர்வு அவற்றுள் அரிதாகவே இடம்பெறுகிறது.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்துள்ள பள்ளிவாசல், தேயிலைத் தோட்டத்தாலும் 1940இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் திட்டத்தாலும் அறியப்பட்ட ஊராகும். இங்குள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் நூறாண்டுகளுக்கு மேலாக மழைக்கும் பனிக்கும் ஏற்ற ஓர் உடைமுறையைத் தாமே உருவாக்கிக்கொண்டனர். அவ்வுடைமுறையின் வரலாற்றை இலக்கியப் பின்புலத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பருவத்திற்கேற்ப உடுத்தல் என்பது அழகுணர்ச்சி சார்ந்ததாக மட்டுமன்றி உரிமை சார்ந்ததாகவும் இருந்துவந்ததை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் பருவமும் உடையும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தொல்காப்பியம் இப்பொழுதுகளைத் திணைகளுக்கு உரிமையாக்கும்பொழுது குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் வழங்குகிறது. மலையும் குளிரும் இணைத்தே எண்ணப்பட்டமைக்கு இது சான்றாகும்.

சங்கப் பாடல்களில் மகளிர் தழையுடை அணிந்தமையைக் காணமுடிகிறது. ஆம்பல், நொச்சி முதலியவற்றின் தழையையும் பூவையும் தொடுத்து இடையில் உடுத்தினர். அந்தந்தப் பருவத்தில் தழைப்பதும் பூப்பதுமே உடையாயின ஆதலின், தழையுடையைத் தமிழகத்தின் தொன்மையான பருவ உடை எனலாம். தலைவன் தலைவிக்குத் தழை தருவது காதலின் அடையாளமாகவும் அமைந்தது. ஒக்கூர் மாசாத்தனாரின் புறநானூற்றுப் பாடல் (248) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இளமையில் உடையாகப் பயன்பட்ட ஆம்பல், கணவனை இழந்தபின் அதன் அல்லியரிசி வழியே கைம்பெண்ணின் உணவாகிவிட்டதை அப்பாடல் இரக்கத்தோடு கூறுகிறது. உடையைத் தேரும் வாய்ப்பு வாழ்க்கைநிலையைச் சார்ந்தது என்னும் உண்மை அங்கேயே பதிவாகியுள்ளது.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மகளிரின் பருவ ஒப்பனை வருணிக்கப்படுகிறது. கார்காலத்தில் அவர்கள் செந்நிறப் பூம்பட்டை இடையில் உடுத்துகின்றனர். கூந்தலில் குடசப்பூவையும், சிறுமலையிற் பூத்த செங்கூதாளத்தையும், குறிஞ்சி மலரையும் சூடுகின்றனர். குங்குமம் பூசிச் செம்பவளக் கோவை அணிகின்றனர். கார்மேகத்தின் கருமைக்கு எதிராக உடையும் பூச்சும் அணியும் ஒரே செவ்வண்ணத்தில் அமைக்கப்பட்டுள்ளமை எண்ணத்தக்கது. உடைக்கேற்ற அணியையும், இவ்விரண்டிற்கும் ஏற்ற பூவையும் பருவம் அறிந்து தேரும் கலை அக்காலத்தே முதிர்ந்திருந்தது என்பதை இதன்வழி அறியலாம்.

நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்ப்பருவத்தைப் பாடுவது. குளிர் மிகுந்தபொழுது மகளிர் கூந்தலில் மிகுதியாகப் பூச்சூடுவதைத் தவிர்த்துச் சிலவே சூடி அகிற்புகை ஊட்டுகின்றனர். கோடையில் பயன்பட்ட விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்பட்டு அவற்றில் சிலந்தி நூல் படர்கிறது. அதே பாடலின் தொடக்கத்தில், வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் கையில் கொள்ளியோடு பல் நடுங்க நிற்கின்றனர். ஒரே குளிரை மாடத்தில் இருப்போர் அகிலாலும் வெளியில் உழைப்போர் கொள்ளியாலும் எதிர்கொள்கின்றனர். பள்ளிவாசல் பெண்களின் உடை வரலாறு இவ்விரண்டாம் மரபின் தொடர்ச்சியாகும்.

பள்ளிவாசலின் பருவ ஒழுங்கு

1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1880ஆம் ஆண்டளவில் பார்வதி எஸ்டேட்டில் ஏ. எச். ஷார்ப் தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. காடு திருத்தவும் கொழுந்து எடுக்கவும் மதுரை, தேனி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து தமிழர்கள் கங்காணிகள் வழியே அழைத்துவரப்பட்டனர். இவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோராவர்.

இம்மக்கள் சமவெளியிலிருந்து கொண்டுவந்த பருவக் கணக்கு மலையில் பொருந்தவில்லை. இலக்கியம் முதுவேனில் என வகுத்த ஆனியும் ஆடியும் பள்ளிவாசலில் தென்மேற்குப் பருவமழை உச்சம் பெறும் மாதங்களாகும். வைகாசியாகிய இடவ மாதத்தின் நடுவில் தொடங்குவதால் அம்மழை மலையாள வழக்கில் ‘இடவப்பாதி’ எனப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்றை எதிர்கொள்ளும் சரிவில் பள்ளிவாசல் அமைந்துள்ளமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகும். மலையின் கிழக்கே மழை மறைவில் உள்ள தேனி, மதுரைச் சமவெளிகளில் காற்றும் வெயிலும் நிலவும் அதே நாள்களில் மேற்குச் சரிவில் இடைவிடாது மழை பெய்கிறது. ஐப்பசியில் ‘துலாவர்ஷம்’ எனப்படும் வடகிழக்கு மழை வருகிறது. மார்கழி, தை மாதங்களில் மூணாற்றின் உயர்ந்த பகுதிகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகுவதுண்டு.

ஆகவே, ஆடிக்காற்றுக்கு ஒற்றைப் பருத்திச் சேலை போதும் என்னும் சமவெளி அனுபவம் இங்குப் பயன்படவில்லை. மழை பெய்தால்தான் தேயிலை துளிர்க்கும். துளிர்த்தால் பறிக்காமல் விடமுடியாது. மழைக்கு ஒதுங்கி நிற்க இயலாத தொழில் இது. எனவே மலைக்கு வந்த பெண்கள் தம் உடையை முற்றிலும் புதிதாக எண்ண வேண்டியவராயினர்.

உடையும் தடையும்

உடையைப் புதிதாக எண்ணுவது அக்காலச் சூழலில் எளிதான செயலன்று. கண்ணன் தேவன் மலைகள் திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருந்தன. அவ்வரசில் பெண்கள் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நெடுங்காலம் போராடினர். 1859இல் வெளியான அரசாணை அவ்வுரிமையை வழங்கியபொழுதும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்னும் வரம்பை நீக்கவில்லை. அணிகலனிலும் இத்தகைய வரம்பு இருந்தது. புலையர் பெண்கள் கல்லுமாலை மட்டுமே அணிய வேண்டும் என்னும் வழக்கத்தை எதிர்த்து அய்யன்காளி தலைமையில் 1915இல் கொல்லத்தில் கூடிய பெண்கள் அம்மாலைகளைக் கழற்றி எறிந்தனர்.

தமிழகப் பகுதியிலும் நிலைமை வேறாக இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, பெண்கள் இரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடலை மறைக்கக்கூடாது, பூச்சூடக்கூடாது, ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது என்பன அவற்றுள் அடங்கும். ஜே. எச். ஹட்டன் தம் நூலில் இத்தடைகளைப் பதிவு செய்துள்ளார். அழகுக்குரிய பூவும் நகையும், வெயில் மழைக்குரிய குடையும் செருப்பும் ஒரே பட்டியலில் தடுக்கப்பட்டுள்ளமை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஒடுக்குவோரின் நோக்கில் அழகும் பாதுகாப்பும் வேறுவேறல்ல; இரண்டும் மதிப்பின் அடையாளங்களே. இப்பின்னணியில் காணும்பொழுது, மலைத்தோட்டத்தில் ஒரு பெண் முழுக்கைச் சட்டை அணிந்ததும் காலுறை அணிந்ததும் குளிருக்கு அஞ்சிய செயலாக மட்டும் தோன்றவில்லை.

கம்பளி: காப்பும் கடனும்

தோட்டத் தொழிலாளரின் முதல் பருவ உடை கம்பளியாகும். ஆட்டு மயிரால் நெய்யப்பட்ட கரிய முரட்டுக் கம்பளி பகலில் மழைக்கு முக்காடாகவும் இரவில் போர்வையாகவும் பயன்பட்டது. ஆட்டு மயிர் நனைந்த பின்னும் ஓரளவு வெம்மையைத் தக்கவைக்கும். பருத்தியோ நீரை உறிஞ்சி உடலோடு ஒட்டிக் குளிரை மிகுவிக்கும். ஆதலின் அக்காலத்தில் கிடைத்தவற்றுள் கம்பளியே மலைக்கு ஏற்றதாயிற்று. எனினும், நனைந்த கம்பளியின் எடை மிகுதி. முதுகில் கூடையும் தலையில் அதன் கயிறும் சுமக்கும் பெண்ணுக்கு அது கூடுதற் சுமையாயிற்று.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திலேயே இடம்பிடிக்கும் அளவிற்குக் ‘கம்பளி’ என்னும் சொல் வழங்கியது. இலங்கைத் தோட்டங்களில் அரிசியும் கம்பளியும் முன்கூட்டி வழங்கப்பட்டு அவற்றின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. குளிரிலிருந்து காத்த அதே துணி தொழிலாளரைக் கடனிலும் கட்டியது. ஆனைமலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு பி. எச். டேனியல் எழுதிய ஆங்கில நாவல் 1969இல் வெளியாயிற்று, இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். மலைக்குளிர் என்பது சமவெளியிலிருந்து வந்தோர்க்கு உயிர்ப்பிரச்சினையாகவே இருந்தது என்பதை இந்நாவல் உணர்த்துகிறது.

கம்பளி கிடைக்காதபொழுது சாக்கு அதன் இடத்தைப் பெற்றது. சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துக் கூம்பாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் முறை தமிழ் உழவர்க்குப் பழக்கமானதே. கொங்குப் பகுதியில் இது ‘கொங்காடை’ எனவும், இலங்கை மலையகத்தில் ‘கொங்காணி’ எனவும் வழங்கும். சமவெளியில் சில நாள் மழைக்கு உதவிய இவ்வுத்தி மலையில் பல மாத உடையாக மாறிற்று.

பணியுடையின் கூறுகள்

இன்று பள்ளிவாசல் உள்ளிட்ட மூணாற்றுத் தோட்டங்களில் காணப்படும் பெண்களின் பணியுடை அடுக்கு முறையில் அமைந்தது. சேலை அல்லது நைட்டியின்மீது ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை. தலையில் இறுகக் கட்டிய துணி. இடையைச் சுற்றித் தார்ப்பாய் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. மழைக்காலத்தில் தலையையும் முதுகையும் மூடும் மற்றொரு விரிப்பு. காலில் ரப்பர் பூட்ஸ் என்பன அதன் கூறுகளாகும். ஒவ்வொரு கூறும் ஒரு தேவையிலிருந்து பிறந்துள்ளது.

தேயிலைச் செடி இடுப்பளவில் கவாத்து செய்யப்படுவது. அதன் வெட்டுண்ட கிளைகள் நெருங்கிய வரிசைக்குள் நடப்பவரின் சேலையைக் கிழிக்கும். இலைகளில் தங்கிய நீர் இடைக்குக் கீழே முழுவதையும் நனைக்கும். இவ்விரண்டையும் தடுப்பதற்கே இடைவிரிப்பு. முன்னர் இவ்விடத்தில் சாக்கு இருந்தது. இலங்கை மலையகத்தார் அதனைப் ‘படங்கு’ என்பர். முழுக்கைச் சட்டை கைகளைக் கீறலினின்றும் பூச்சிகளினின்றும் காக்கிறது. மழைக்காலத்து அட்டைக்கடியைத் தடுப்பது பூட்ஸ். தலைத்துணி மழைக்கும் வெயிலுக்கும் பொதுவானது.

இவற்றுள் சட்டையின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. முல்லைப்பாட்டில் ‘மெய்ப்பை’ எனப்படும் தைத்த மேலாடை யவனர்க்கு உரியதாகக் கூறப்படுகிறது. சேலை, தைக்காத உடை மரபைச் சார்ந்தது. தைத்த ஆணுடையைச் சேலைக்கு மேல் அணிவது ஊரில் நகைப்பிற்கு இடமாகியிருக்கக்கூடும். மலையிலோ அது உழைக்கும் பெண்ணின் இயல்பான உடையாயிற்று. இம்மாற்றத்தை எந்த நிறுவனமும் கற்பிக்கவில்லை. வீட்டிலுள்ள பழைய சட்டையைக் கொண்டு பெண்களே நிகழ்த்திக்கொண்ட உடைச் சீர்திருத்தம் இது.

துணியின் தேர்விலும் நுண்ணறிவு வெளிப்படுகிறது. செயற்கை இழைச் சேலைகள் பரவிய பின்னர் அவை பணிக்கும், பருத்தி வீட்டிற்கும் என்னும் பகுப்பு இயல்பாக அமைந்தது. செயற்கை இழை நீரை மிகக் குறைவாகவே ஏற்பதால் விரைவில் உலரும். தேயிலைக் கொழுந்தின் சாறு காற்றுப்பட்டுக் கருத்துத் துணியில் அழியாக் கறையாவதால் அடர்நிறங்களே பணிக்குத் தேரப்படுகின்றன. இடவப்பாதியில் வாரக்கணக்கில் வெயில் காணாதபொழுது துவைத்த துணி அடுப்பிற்கு மேலே கொடியில் உலர்த்தப்படும். ஆகையால் எத்தனை மாற்றுத்துணி உள்ளது என்பதே மழைக்காலத்தில் பெருங்கேள்வியாகிறது. நெடுநல்வாடை மகளிரின் கூந்தலில் அகிற்புகை மணக்கிறது; லயத்து வீட்டுப் பெண்களின் சேலையில் விறகுப்புகை மணக்கிறது. இரண்டிற்கும் காரணம் ஒரே கூதிர்தான்.

அணிகலனும் விழா உடையும்

பணியுடையின் இறுக்கத்திற்குள்ளும் அணி மறைந்துவிடவில்லை. மூக்குத்தியும் தோடும் நெற்றிப்பொட்டும் தலைத்துணிக்குக் கீழே தொடர்கின்றன. கிளையில் சிக்கக்கூடியவை வீட்டில் நின்றுவிட, உடலோடு ஒட்டியவை மட்டும் காட்டிற்கு வருகின்றன. சமவெளி மல்லிகை மலைக்கு வந்து சேர்வதற்குள் வாடும். கனகாம்பரம் வாடாமல் நிற்கும். லயத்து முற்றத்தில் வளரும் ரோஜாவும் டேலியாவும் கூந்தலுக்கு உதவும். மதுரை மகளிர் சூடிய குறிஞ்சி மலர் இம்மலைகளில் இன்றும் உள்ளது. அருகிலுள்ள இரவிகுளத்தில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் நீலக்குறிஞ்சி பெருமளவில் பூத்தது. ஆனால் அம்மலர்க்காட்டைக் காணக் கம்பளியாடையோடு வருவோர் சுற்றுலாப் பயணிகள். அதே குளிரில் பழைய சட்டையோடு கொழுந்தெடுப்போர் தோட்டப் பெண்கள்.

விழா உடையில் இருமொழி வாழ்க்கை புலப்படுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வண்ணச் சேலை. ஓணத்திற்குக் கசவுக்கரையிட்ட வெண்சேலை. இளம்பெண்களிடையே சுடிதார் என இவை கலந்து வழங்குகின்றன. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்தபொழுது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் நிலைபெற்றது. அதன்பின் வளர்ந்த தலைமுறை இருவகை உடையையும் தனதாக்கிக்கொண்டது. விழா உடைக்கான பணம் பெரும்பாலும் போனஸிலிருந்தே வருவதாகும். அன்றாடக் கூலி உணவிற்கும் கடனுக்கும் செல்ல, ஆண்டிற்கொருமுறை மொத்தமாகக் கிடைக்கும் தொகையே புதுத்துணியாகவும் பள்ளிச் செலவாகவும் மாறுகிறது.

சட்டமும் உரிமையும்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடை வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பமாகும். மழையினின்றும் குளிரினின்றும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி முதலியவற்றை நிருவாகமே வழங்குமாறு விதிகள் இயற்றும் அதிகாரத்தை அப்பிரிவு மாநில அரசுகளுக்கு அளித்தது. கடனாகத் தரப்பட்ட கம்பளி, சட்டத்தின் பார்வையில் உரிமையாயிற்று. 1930இல் ஓர் இடத்தில் சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட குடை, இருபத்தொரு ஆண்டுகளில் நாடாளுமன்றச் சட்டத்தில் தொழிலாளிக்குரிய பொருளாக எழுதப்பட்டது. இச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொடர்பான சட்டத்தொகுப்பில் இணைக்கப்பட்டது.

எனினும், வழங்கப்படும் மழையங்கி உடுப்பவரின் தேவைக்கேற்ப அமைந்தால்தான் அது பயன்படும். கைகளை உயர்த்தி விரைந்து பறிக்கவேண்டிய தொழிலுக்கு நெருங்கிய அங்கி ஒவ்வாது. உள்ளே வியர்வை தேங்கும் அங்கி மழையைப் போலவே நனைக்கும். இன்றும் பெண்கள் விரிப்பையும் கயிற்றையும் கொண்டு தாமே உடை அமைத்துக்கொள்வதற்கு வறுமை மட்டும் காரணமன்று. கையசைவிற்கு இடந்தரும் உடை எது என்பதை அவர்கள் அறிந்துள்ளமையும் காரணமாகும்.

2015 செப்டம்பரில் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என அறியப்பட்ட இப்போராட்டம் தொழிற்சங்கத் தலைமைகளைச் சாராமல் பெண்களாலேயே நடத்தப்பட்டது. அன்றைய நாட்கூலி 232 ரூபாய். அதனை 500 ஆக்க வேண்டும் என்பதும் கோரிக்கையாயிருந்தது. போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 விழுக்காடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது. புதுத்துணியும் பள்ளிக் கட்டணமும் அந்தப் பத்து விழுக்காட்டினுள் அடங்கியிருந்தன என்பதை நோக்க, உடைத் தேர்வு கூலிப் பேச்சிலிருந்து பிரிக்கமுடியாதது என்பது தெளிவாகும்.

முடிவுரை

பருவமறிந்து உடுத்தும் மரபு தமிழரிடையே தொன்மையானது. சிலப்பதிகாரமும் நெடுநல்வாடையும் அதன் அழகுப் பக்கத்தைச் செவ்வனே காட்டுகின்றன. ஆனால் அவ்விலக்கியப் பருவக் கணக்கு கிழக்குச் சமவெளிக்கு உரியது. முதுவேனிலே பெருமழையாகும் பள்ளிவாசலில் அது தலைகீழாகிறது. அங்குக் குடியேறிய பெண்கள் கம்பளி, சாக்கு, ஆண்சட்டை, தார்ப்பாய் எனக் கிடைத்தவற்றைக் கொண்டு புதிய பருவ உடையொன்றை உருவாக்கினர். அவ்வுடையின் ஒவ்வொரு மடிப்பிலும் நிலத்தைப் பற்றிய அறிவும் தொழிலைப் பற்றிய அறிவும் உள்ளன.

சமவெளியில் இரவிக்கையும் பூவும் குடையும் மறுக்கப்பட்ட சூழலிலிருந்து வந்த சமூகங்களுக்கு, எதை உடுத்துவது என்று தாமே முடிவு செய்வது சிறிய செயலன்று. தழையுடை தொடங்கிப் பட்டாடை வரை உடைகளைத் தொகுத்து ஆராயும் தமிழ் உடையியல் ஆய்வு, கொழுந்துக்காட்டு முழுக்கைச் சட்டையையும் அத்தொகுப்பில் சேர்த்தல் வேண்டும். காலத்திற்கேற்ற உடையைத் தேர்வதற்கு அழகுணர்ச்சி முன்பே அவர்களிடம் இருந்தது; அதற்குரிய கூலியும் மாற்றுத்துணியுமே அவர்கள் இன்னமும் கோரிவருவன.